எதிரிக்குக் கொடுத்த முப்பது நாள்

எங்கள் வீட்டுக்காரர் பதினொரு வருஷமாக ஒரு மனிதரோடு ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கத்திப் பேசுகிற சண்டையாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் சேர்ந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். இது எழுத்திலேயே நடந்த சண்டை. அதனால் தேய்ந்தும் போகவில்லை, ஓய்ந்தும் போகவில்லை.

இருவரும் கல்லூரியில் அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால், கப்பல்கள் உலகம் முழுக்கச் சுற்ற ஆரம்பித்த காலத்தில், சில வக்கீல்கள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். ஊருக்குள் தப்பு செய்தால் ராஜா தண்டிப்பார். ராஜாவே தப்பு செய்தால்? நடுக்கடலில் இரண்டு ராஜாக்களின் கப்பல்கள் முட்டிக்கொண்டால் யார் தீர்ப்புச் சொல்வது? மேலே ஆள் இல்லாத இடத்தில் சட்டம் உண்டா, இல்லையா? உண்டு, அது மனிதப் புத்தியிலேயே இருக்கிறது, எதிரிக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான் என்பது எங்கள் வீட்டுக்காரர் கட்சி. தண்டிக்க ஆள் இல்லாவிட்டால் அதற்குப் பேர் சட்டம் இல்லை, வெறும் ஆசை என்பது அந்த மனிதர் கட்சி. அவர் எழுதும் புத்தகங்கள் தலைக்கு வைத்துப் படுக்கிற கனத்தில் இருக்கும். அதனால் நான் அவருக்குத் தலையணை என்று பேர் வைத்திருந்தேன்.

அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், நடுவில் ஒரு இரும்பு பீரோ. ஜன்னல் யாருக்கு, ஃபேன் எத்தனையில் சுற்ற வேண்டும் என்பதில் தொடங்கிய தகராறு, கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஓர் உடன்படிக்கையில் போய் நின்றது. மதியம் பன்னிரண்டு வரை ஜன்னல் திறந்திருக்கும். பீரோவின் மேல் இரண்டு தட்டு அவருக்கு, கீழ் இரண்டு இவருக்கு. வாயால் பேசினால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, அதனால் எதுவானாலும் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் மற்றவரை எதிர்த்துக் கட்டுரை எழுதினால், அச்சுக்குப் போகுமுன் அவரிடம் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அவர் பதில் எழுதினால் இரண்டும் ஒரே இதழில் சேர்ந்து வர வேண்டும்.

முன்னுரைக்கு மட்டும் மூன்று மாதம் அடித்துக்கொண்டார்கள். "மனித இயற்கையின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என்று இவர். "நாம் இருவரும் ஒப்புக்கொண்டதால்" என்று அவர். கடைசியில் முன்னுரையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இத்தனை படித்த இரண்டு பேரும், ஒருத்தர் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுத மறந்துபோனார்கள். எங்கள் வீட்டுக் காய்கறிச் சீட்டிலேயே நான் "கிடைக்காவிட்டால் வேறு" என்று எழுதித்தான் கொடுப்பேன்.

நான் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்துக்கொடுக்கும் வாய் அச்சை வைத்துப் பிளாஸ்டரில் ஈறு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, மெழுகை வெந்நீரில் உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக் அடைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. வாய்க்குள் வைத்தால் தெரியக்கூடாது என்பதுதான் என் தொழிலின் முழு லட்சணமும்.

போன மாதம் நடந்தது இது. எங்கள் வீட்டுக்காரர் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக ஒப்பந்த ஆசிரியர். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். இந்த வருஷத்தோடு ஒப்பந்தமே கிடையாது என்று முடிவு வந்துவிட்டது. நிரந்தர வேலை ஒன்றே ஒன்று அறிவித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த இரண்டு வருஷத்துக்குள் அச்சான கட்டுரை ஒன்று கட்டாயம். இவருக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் எங்கேயும் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

கட்டுரை இருந்தது. "எதிரிக்குக் கொடுத்த வாக்கு" என்று தலைப்பு. நாலு வருஷ உழைப்பு. இதழ்க்காரர்கள் ஏற்றுக்கொண்டு, பக்கம் கட்டி, "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே வெளியிடுகிறோம் என்று காத்திருந்தார்கள். இவர் சொல்லவில்லை.

வெளியிட்டாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வாரத் திங்கட்கிழமை சாப்பிடும்போது கேட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

"இன்னும் முப்பது நாள் ஆகல."

"காலண்டர்ல புதன்கிழமையோட ஆகுதே!"

"அவர்கிட்ட கட்டுரையைக் கொடுத்து மூணாவது நாள் சாயங்காலம் அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரில இருக்கார். படிக்க முடியாத ஆளுக்கு நாள் ஓடாது."

"அப்படின்னு உங்க உடன்படிக்கையில எழுதியிருக்கா?"

"எழுதல. எழுதாததுதான் முக்கியம்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது.

"அந்த ஆள் பேச்சில்லாம கிடக்கிறார். நீங்க வெளியிட்டா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க," என்றார். "கடற்கொள்ளைக்காரனுக்குக் கொடுத்த வாக்கைக்கூடக் காப்பாத்தணும்னு நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். அந்த நாப்பது பக்கத்தையே வாக்கை மீறி வெளியிட்டா எப்படி?"

"சரி, அவர்கிட்டயே போய் விட்டுக்கொடுங்கன்னு கேளுங்க."

"தினமும் போறேன். நாப்பது நிமிஷம் பக்கத்துல உக்காந்துட்டு வரேன். பேசக்கூடாதுன்னு உடன்படிக்கையில பிரிவு இருக்கே. சீட்டு எழுதி வெச்சா அவர் கண்ணு எழுத்துல நிக்கல, படிக்க முடியல."

தலையில் அடித்துக்கொண்டேன். மூன்றரை வாரமாக மாலையில், நூலகம் போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போகிறாரே, எங்கே என்று நான் கேட்கவே இல்லை. அது தனிக் கோபம். ஆனால் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டது இவர். நான் போடவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வேலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நீளமான வார்டில் கடைசிக் கட்டில். தலையணை பாதியாக இளைத்திருந்தார். வலது கை போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். கண் மட்டும் தெரிந்தது. அதில் அத்தனை தெளிவு.

"பேச்சு வரல. வாயையே திறக்க மாட்டேங்கிறார்," என்றாள் நர்ஸ். "மூளையில பேசற இடம் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றார். ஏன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. அந்தத் துண்டை எத்தனை பேர் கையில் பார்த்திருக்கிறேன். நர்ஸைத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டேன். சேர்த்த அன்று அவசரத்தில் வாயிலிருந்த பல்செட்டைக் கழற்றி வைத்தார்களாம். வார்டு மாறும்போது காணாமல் போய்விட்டது. வேறு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பல்செட் நான் செய்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தலையணை எங்கள் லேபுக்கு வந்தார். நான் யார் மனைவி என்று தெரிந்துதான் வந்தார். ஊரில் நன்றாகச் செய்கிறவள் நான் ஒருத்திதான் என்றார், அதையும் ஏதோ எனக்கு எதிராக ஒரு புகார் மாதிரி சொன்னார். முன்பல் ஒன்று லேசாகக் கோணலாக இருக்கட்டும், அப்போதுதான் சொந்தப் பல் என்று நம்புவார்கள் என்றார். போகும்போது வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்," என்றார். சரி என்றேன். சொல்லவில்லை. இப்போது சொல்வதுகூட அவர் அனுமதி கொடுத்ததால்தான்.

எதிரியின் முன்னால் பொக்கை வாயோடு பேசுவதைவிட ஊமையாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். தினமும் நாற்பது நிமிஷம் அந்த எதிரி வேறு வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு பைத்தியங்களையும் ஒரே கட்டிலில் போட்டிருக்கலாம்.

வேலைக்குத் திரும்பியதும் மேல் அலமாரியைக் குடைந்தேன். பழைய பிளாஸ்டர் அச்சுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. அவருடையது கிடைத்தது. எங்களுக்கு வாய் அச்சு அனுப்பும் பல் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஈறு சுருங்கியிருக்கும், உள்பக்கம் மெத்தென்று ஒரு பூச்சுக் கொடு, நானும் வந்து பார்க்கிறேன் என்றாள். அன்று மெழுகில் பல் அடுக்கினேன். கோணல் பல்லை மறக்கவில்லை. புதன்கிழமை அக்ரிலிக், வியாழக்கிழமை பாலிஷ்.

"யாருக்கு இவ்வளவு அவசரமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"சொல்ல மாட்டேன்."

"சரி," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை போகப்போகிற மனிதர், வாரம் முழுக்க விசிலடித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, காரணம் சொல்லாமல் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இவரை வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் டாக்டரம்மாவும் உள்ளே போனோம். திரையை இழுத்துவிட்டோம். தலையணை முதலில் முறைத்தார். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் துண்டைத் தானாக இறக்கினார். வைத்தோம், எடுத்தோம், ஓர் இடத்தில் உறுத்தியதைத் தேய்த்தோம், மறுபடி வைத்தோம். கடித்துப் பார்த்தார். நாக்கால் கோணல் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா திருப்திப்பட்டுக் கிளம்பினாள்.

"அவருக்குத் தெரியுமா?" வார்த்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது, ஆனால் வந்தது.

"தெரியாது."

"ஆறு வருஷமாவா?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல."

அவர் இடது கையால் போர்வையை நெஞ்சுவரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "வரச் சொல்லுங்க," என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் வந்து நின்றார். "உக்காருங்க சார்," என்றார் தலையணை. பதினொரு வருஷத்தில் முதல் தடவை. இவர் உடனே சட்டைப்பையிலிருந்து சீட்டும் பேனாவும் எடுத்தார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பம் போகணும்னா மூணு மணிக்குள்ள இதழ்க்காரங்களுக்குச் சொல்லணும் சார்," என்று நானே ஆரம்பித்தேன். "முப்பது நாளை விட்டுக்கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவர் இங்கேருந்தே போன் பண்ணிடுவார்."

"மூணு நாள்தானே ஆச்சு," என்றார் தலையணை. "இன்னும் இருபத்தேழு இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"எந்தச் சட்டத்துல சார் இருக்கு? அடிக்க ஆள் இல்லாத இடத்துல சட்டமே இல்லன்னு எத்தனை தலையணை எழுதியிருக்கீங்க! உங்களால இப்ப ஒரு கொசுவை அடிக்க முடியுமா? இவர் நாலு வாரத்துக்கு முன்னாடியே வெளியிட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்க கட்சிப்படி இருபத்தேழு நாளும் கிடையாது, இருபத்தேழு நிமிஷமும் கிடையாது. கேக்கணும்னா முதல்ல இவர் கட்சிக்கு வந்துட்டுக் கேளுங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. தலையணையின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல இவர் இந்த மாதிரி ஒரு வாதம் வெக்கல," என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க சொல்றது சரிம்மா. கேக்க எனக்கு உரிமை இல்ல. சும்மா கேக்கறேன்."

இவர் வாயைத் திறந்தார். தலையணை இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"படுக்கறதுக்கு முன்னாடி அந்த மூணு நாள்ல கட்டுரையை மூணு தடவை படிச்சுட்டேன். நல்லா இருக்கு. நடுவுல ஒரு இடம் ஓட்டை. அதுக்குப் பதில் இங்க இருக்கு." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "தினமும் காலையில கண் முழிச்சா அதுல ஒரு வரி வருது. அது வர்றதாலதான் நான் கண் முழிக்கிறேன். வீட்ல எனக்கு யாரும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். கட்டுரை இப்ப தனியா வந்துட்டா, பதில் அடுத்த இதழ். ஆறு மாசம். எனக்கு ஆறு மாசம் இருக்கான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கிறார்." மூச்சு வாங்கினார். "வேலை விஷயமும் எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கவே வெக்கமா இருக்கு."

எங்கள் வீட்டுக்காரர் சீட்டைச் சட்டைப்பையில் திருப்பி வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நீ சொல்றதுதான்," என்றார். "இது உன் வாழ்க்கையும்தான். நீ வெளியிடச் சொன்னா வெளியிடறேன். சார் உரிமை இல்லன்னு அவர் வாயாலயே சொல்லிட்டார். வாக்கை மீறினதா ஆகாது."

மணி இரண்டு நாற்பது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கடிதம் வருமா என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். "வெளியிடுங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். என்னிடம் ஒன்றும் கெஞ்சவில்லை. நான் எது சொன்னாலும் சரி என்று நின்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். இந்த மனிதர் எங்கே போனார், யாரிடம் என்ன சொன்னார் என்று நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. மூன்றரை வாரம் தினமும் மாலையில் காணாமல் போனார், எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அப்படி நிம்மதியாக நான் தூங்கியதற்கு எந்த நீதிபதி காவல் இருந்தார்? யாரும் பார்க்காத இடத்தில் இவர் இப்படித்தான் என்பது மட்டும்தான் காவல். அந்தக் குணத்தை இத்தனை வருஷம் நான் அனுபவித்துவிட்டு, இன்னொருத்தருக்கு இருபத்தேழு நாள் போகிறது என்றதும் கூடாது என்று எப்படிச் சொல்வது? கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

"எழுதறதுக்குக் கை இல்லையே சார் உங்களுக்கு," என்றேன்.

"யாராவது எழுதிக்கொடுத்தா..."

"இவரே எழுதுவார். தினமும் நாப்பது நிமிஷம் சும்மாதானே உக்காந்திருக்கார்." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "போய் போன் பண்ணுங்க. இப்ப வேண்டாம், பதிலோட சேர்ந்து வரட்டும்னு சொல்லுங்க. சீக்கிரம் போங்க, நான் மனசு மாறிடுவேன்."

அவர் வெளியே போனார். தலையணை என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நன்றி கின்றி சொன்னால் பல்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கண் வழிந்தது, துடைக்கத் துண்டைத் தேடினால் அது கீழே விழுந்து கிடந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் கூட்டம் இருந்தும் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"முதல் பக்கம் எழுதிட்டேன்," என்றார். "அந்த ஓட்டை நெஜமாவே ஓட்டைதான். நான் கவனிக்கவே இல்ல."

"சந்தோஷம்."

"அடுத்த வருஷத்துக்கு என்ன பண்ணப்போறேன்னு எனக்கு ஒண்ணும் தெரியல."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, வழியில் தாண்டிய பஸ் நிறுத்தத்துக் கடிகாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சு," என்றார்.

"இருபத்தேழு நாளுக்கு மேல அந்த ஆளுக்கு ஒரு நாள் கூடக் கொடுத்தீங்கன்னா பாருங்க," என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார், அத்தனை பேர் நடுவில், கைக்குட்டைகூட இல்லாமல். நான் எழுந்து அவரை ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். இந்தப் பக்கம் யாரும் பார்க்காதபடி நான் உட்கார்ந்துகொண்டேன்.